காய்க்க மறுத்த ராஜா வீட்டுப் பப்பாளி

முன்னொரு காலத்தில், பறங்கிக் கப்பல்கள் ஊர்பேர் தெரியாத விதைகளையெல்லாம் கரையிறக்கிக்கொண்டிருந்த நாளில், கொன்றைக்கோட்டையை மல்லப்ப நாயக்கர் ஆண்டுவந்தார். அந்தச் சீமை கண்டிராத பப்பாளியை அரண்மனையில் காய்க்கவைத்தவள் தோட்டக்காரி வேம்பாயி. ஒரு துண்டு தின்ற ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. இது கோட்டைக்கு வெளியே முளைத்தால், முளைக்கவைத்தவர் விரல் பத்தும் போகும் என்று முரசறையச் சொல்லிவிட்டார்.

முரசுச் சத்தம் அடங்குவதற்குள் வேம்பாயி மடி நிறைய விதையை அள்ளி, மதிலை ஒட்டிய குயவர் தெருவில் வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டாள்.

தோட்ட அதிகாரி நரசப்பனுக்கு அவளைக் கண்டாலே வயிற்றெரிச்சல். பூத்தும் காய்க்காத மரங்கள் தண்டச்சோறு என்று அரண்மனையில் அவற்றை மட்டும் வெட்டவைத்தான். அவள் தடுத்தும் கேட்கவில்லை. பிறகு குயவர் தெரு மரங்கள் மதிலுக்கு மேலே தலைகாட்டவும், ஓடிப்போய் ராஜாவிடம் வத்தி வைத்தான்.

"விதை கொடுத்தாயா?" என்றார் ராஜா.

"கொடுத்தேன் மகாராஜா. அவர்களுக்கும் நாக்கு இருக்கிறதே."

தெரு மரங்களையும் இவள் விரல்களையும் வெட்டச் சொன்னார் ராஜா.

"மரத்தை முதலில் வெட்டுங்கள். அடுத்த பூவில் உங்கள் மரம் ஒரே ஒரு பிஞ்சு பிடித்தால், விரலென்ன, கையையே எடுத்துக்கொள்ளுங்கள்."

பந்தயம் என்றால் ராஜாவுக்கு உயிர். சரி என்றார். தெரு மரங்கள் சாய்ந்தன. அரண்மனை மரம் பூத்தது, பூவெல்லாம் உதிர்ந்தது. நரசப்பன் பாலூற்றினான், சாம்பிராணி போட்டான், மரத்தடியில் பாய் விரித்துப் படுத்தும் பார்த்தான். ஒரு பிஞ்சும் நிற்கவில்லை.

பழம் காணாத ராஜா அவளைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார்.

"பூத்தும் காய்க்காதவை ஆண்மரங்கள், மகாராஜா. அவை பக்கத்தில் இல்லாமல் பெண்மரம் பிஞ்சு பிடிக்காது. இங்கே இருந்தவற்றை நரசப்பய்யா வெட்டினார். தெருவிலிருந்த மாப்பிள்ளைகள்தான் மதில் தாண்டிக் குடும்பம் நடத்தினார்கள். அவர்களையும் வெட்டிவிட்டுத் தொட்டில் கட்டினால் ஆகுமா?"

"வேறு கன்று உண்டா?"

"தெருவில் மறுபடி விதை போட்டுவிட்டோம். எந்த வீட்டில் என்று சொல்லமாட்டேன். யாரும் வளர்க்கலாம் என்று ஓலை எழுதி முத்திரை வையுங்கள்."

முறைத்துப் பார்த்த ராஜா கடைசியில் சிரித்துவிட்டார். முத்திரை விழுந்தது. தோட்ட அதிகாரம் வேம்பாயிக்கு வந்தது. ஆண்மரங்களுக்குக் குடம் சுமப்பது நரசப்பனுக்கு.

சேதி போனதும் பெண்கள் ஆளுக்கொரு சட்டியில் கன்றோடு வந்து வரிசைகட்டினார்கள். நரசப்பன் ஒவ்வொரு முகமாக உறுத்துப் பார்த்துக்கொண்டே போய், கடைசி ஆளிடம் திகைத்து நின்றான்.

இடுப்பில் சட்டியோடு நின்றவள் அவன் பெண்டாட்டி. எல்லோர் கன்றையும்விட அவள் கன்றுதான் உயரம்.