துரு தெளித்த பாத்தி

நீலகிரி மலைச்சரிவில் ஒரு கோதுமை ஆய்வுப் பண்ணை இருந்தது. துரு என்கிற பூஞ்சை நோயைத் தாங்கும் ரகங்களை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். பிலோமினா மேடம் அங்கே மூத்த ஆய்வாளர். மாசிலாமணி ஆறு வருடமாக அவரிடம் படித்து வேலை பார்ப்பவன்.

அன்று அவன் பாத்திக்குச் சோதனை. நோய்ப்பட்ட பயிரிலிருந்து எடுத்த செம்பழுப்புப் பொடியைத் தண்ணீரில் கரைத்து இளம்பயிர் மேல் தெளிக்க வேண்டும். தாங்கினால் அது ரகம்; விதை விவசாயிகளின் வயலுக்குப் போகும். தாங்காவிட்டால் பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

தெளிப்பானைத் தோளில் மாட்டியவன் வரப்பிலேயே நின்றுவிட்டான்.

“என்னப்பா?”

“ஆறு வருஷம் மேடம். ஒவ்வொரு கதிருக்கும் நானே மகரந்தம் தூவினேன். காய்ச்சல்ல கிடந்தப்பகூட வந்து தண்ணி விட்டேன். இப்ப நானே இதுக்கு நோயைக் கொடுக்கணுமா?”

“கை வரலையா?”

“வரலை.”

அவர் தெளிப்பானை வாங்கிக்கொண்டார். ஆனால் அவன் பாத்திக்குப் போகவில்லை. பக்கத்துப் பாத்தியில் இறங்கினார். அது அவருடையது. பதினாலு வருட உழைப்பு. அதற்கு அடுத்த மாதம்தான் சோதனை வைத்திருந்தார்.

ஓர் இலை விடாமல் தெளித்தார். பிறகு தெளிப்பானை அவனிடம் நீட்டினார்.

அவனும் தெளித்தான். ஈரம் காயாமலிருக்க இரண்டு பாத்திகளையும் பாலித்தீன் தாளால் சேர்ந்தே மூடினார்கள்.

பதினைந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தார்கள். அவன் பயிரில் அங்கங்கே சின்னப் புள்ளிகள், அவ்வளவுதான். பச்சை அப்படியே நின்றது.

மேடத்தின் பாத்தி முழுக்கத் துரு. அவர் குனிந்து ஓர் இலையைத் தடவினார். விரலெல்லாம் செம்பொடி.

மாசிலாமணியால் சந்தோஷப்பட முடியவில்லை.

“என்னாலதான் மேடம். நான் தயங்காம இருந்திருந்தா...”

“அடுத்த மாசம் தெளிச்சிருந்தாலும் இதேதான். உன்னோடது நிக்குது பாரு. அழகா நிக்குது.”

அவன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

“உங்களுக்கு வருத்தமா இல்லையா?”

“இருக்கு. இன்னிக்குச் சோறு இறங்காது.”

“இவ்வளவு ஆசையா வளர்த்ததை நாமளே ஏன் மேடம் இப்படிச் சோதிக்கணும்?”

அவர் துரு பிடித்த இலையை விடாமல் பிடித்திருந்தார்.

“இங்க காய்ஞ்சா, நான் ஒருத்தி அழுதாப் போதும் மாசிலா.”