தேதி இல்லாத ஓரம்

“அந்தப் பன்னிரண்டு வசனத்தை யோவான் எழுதலைதானே?”

உட்காருவதற்கு முன்பே கேட்டார் போதகர் தவசீலன். வயது ஐம்பத்தெட்டு. இறையியல் கல்லூரியில் மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தவர்; ஞாயிறுதோறும் தன் சபைக்குப் போய்வருவார்.

கேட்டது ரூபி எஸ்தரிடம். கிரேக்கம் நடத்துகிறவர். போதகரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

எந்த வசனங்கள் என்று ரூபி கேட்கவில்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின் முன் நிறுத்திக் கல்லெறியலாமா என்று கேட்கிறார்களே, அந்தப் பகுதி.

“ரொம்பப் பழைய கைப்பிரதிகளில் இல்லை. பிந்தி வந்ததில் இருக்கு.”

“அப்போ எவனோ சொருகினது.”

“இருக்கலாம்.”

“அதை ஒரு கடிதமா எழுதிக் கொடுங்கம்மா.”

எதற்கு என்று கேட்டார் ரூபி.

போதகர் இழுத்து இழுத்துச் சொன்னார். அவர் சபையில் லில்லி என்று ஒரு விதவை. இப்போது கர்ப்பம். வருகிற ஞாயிறு ஆராதனையில் பேரை வாசித்து அவளை நீக்கச் சொல்கிறது கமிட்டி. நீக்கிவிட்டால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. அவள் செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. அவளுடைய தாய் மட்டும் இந்தப் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, இதற்குப் பதில் சொல்லுங்க ஐயரே என்று போதகரின் வழியை மறிக்கிறாள்.

“ஆம்பளை யாரு?”

“தெரியாது.”

“கமிட்டிக்கும் தெரியாதா?”

போதகர் ஜன்னலைப் பார்த்தார்.

“நான் கேட்கலை.”

ரூபி கையை நீட்டினார். “உங்க வேதாகமத்தைக் கொடுங்க.”

கொடுக்க மனமில்லை. இந்தம்மா ஏதோ பொறி வைக்கிறாள் என்று பட்டது. பட்டது சரிதான்.

முப்பது வருஷத்துப் புத்தகம். போதகருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பகுதியில் பிரசங்கம் செய்தாலும் அதன் ஓரத்தில் அன்றைய தேதியைப் பென்சிலால் குறித்துவிடுவார்.

யோவான் மூன்றாம் அதிகாரத்தில் பதினோரு தேதி. நான்கில் ஆறு. ஒன்பதில் ஏழு.

எட்டின் தொடக்கத்தில், அந்தப் பெண்ணின் பகுதிக்கு நேரே, ஓரம் வெள்ளையாக இருந்தது.

“பழைய பிரதியில் இல்லைன்னு எப்போ தெரிஞ்சுது?”

“போன வாரம். உங்க வகுப்பிலதான்.”

“சொருகினவனைத் தேடுறீங்க. சரி. இந்த முப்பது வருஷமா இதை வேதத்திலிருந்து வெளியே எடுத்து வச்சது யாரு, ஐயா?”

போதகர் புத்தகத்தை வாங்கி அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“ஞாயிற்றுக்கிழமை என்ன தேதி?”

ரூபி பென்சிலை அவர் கையிலிருந்து வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

“பிரசங்கத்தை முடிச்சிட்டு வந்து எழுதுங்க.”