வெறுங்காலோடு அரண்மனைக்குள் போனவன்

கப்பலுக்குப் பாயே துணை, வழிக்கு நட்சத்திரமே துணை என்றிருந்த முன்னொரு காலத்தில், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். அண்ணன் நம்பிராசன். தம்பி பலவேசம். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஏன் இல்லை? பலவேசத்தின் கல்யாணப் பந்தியில், ஊரே உட்கார்ந்திருக்கும்போது, “மாப்பிள்ளைக்கு இன்னொரு அப்பளம் எதுக்கு?” என்று அண்ணன் கேட்டுவிட்டான். அற்ப விஷயம் என்பீர்கள். உங்கள் இலையில் நடந்திருந்தால் தெரியும்! தம்பி இலையை மூடிவிட்டு எழுந்து சண்டை போட்டான்.

“மூத்தவனை எதுத்துப் பேசினதுக்கு என் கால்ல விழு” என்றான் அண்ணன்.

“உன் கால்ல என் கை படவே படாது. இது சத்தியம்” என்றான் தம்பி.

வருஷங்கள் ஓடின. ஒரு நாள் அண்ணன் மனைவி அழுதுகொண்டு வந்தாள். “கொழுந்தனாரே, மிளகு ஏத்திப் போன கப்பல் திரும்பிட்டு. உங்க அண்ணன் வரலை. ஐரோப்பாவுல ஒரு பட்டணத்து அரண்மனையைச் சுத்திப் பாக்க உள்ளே போனவர் வெளியே வரலையாம்.”

“அவனுக்காகப் போக மாட்டேன்” என்ற பலவேசம், மதினியின் முகத்தைப் பார்த்தான். “உங்களுக்காகப் போறேன்.”

கடலைக் கடந்தான், மலையைக் கடந்தான், பனியைக் கடந்தான். ஆறே உறைந்து தெருவாகிப்போன அந்தப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தான். நடுவே அரண்மனை. ராஜவம்சம் அற்றுப்போன பிறகு ஒரு மந்திரவாதி அதைக் காட்சிசாலையாக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவைத்திருந்தான். எந்த ஊர்க்காரனோடும் அந்த ஊர்ப் பேச்சிலேயே பேசுவான்.

“வாருங்கள் ஐயா! இந்தக் கம்பளிச் செருப்பை மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். தரை கீறிவிடக் கூடாது பாருங்கள்.”

பலவேசம் தன் தோல் செருப்பை வாசலில் கழற்றினான். கம்பளிச் செருப்பை ஓரமாகத் தள்ளினான். “செருப்பு வாசலோடு. உள்ளே வெறுங்கால்தான்.”

தரையா அது? பனிக்கட்டி! ஊசி ஊசியாகக் குத்தியது. முதல் மண்டபம் முழுக்க நிலைக்கண்ணாடிகள். ஒவ்வொன்றிலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பலவேசம் நின்றான்.

“கால் விறைத்துவிடுமே ஐயா! இதோ, வெல்வெட் செருப்பு.”

“செருப்பு வாசலோடு. உள்ளே வெறுங்கால்தான்.”

இரண்டாம் மண்டபத்தில் ராஜாக்கள் சாப்பிட்ட நீளமான மேசை. அதன்மேல் வரிசையாகத் தங்கத் தட்டுகள். ஒன்றிலும் ஒரு பருக்கை இல்லை.

“உங்கள் காலுக்கென்றே தைத்ததுபோல் இருக்கிறது ஐயா, இந்தச் சரிகைச் செருப்பு!”

“ஒரு தடவை சொன்னா விளங்காதா ஓய்? செருப்பு வாசலோடு. உள்ளே வெறுங்கால்தான்.”

மூன்றாம் மண்டபம் முழுக்கப் பளிங்குச் சிலைகள். சீமாட்டி, சிப்பாய், மீன்காரி, பாதிரியார். எல்லார் காலிலும் கம்பளிச் செருப்பு. உடம்பெல்லாம் கல், கண் மட்டும் உயிரோடு உருண்டது. மூலையில் தலைப்பாகையும் மீசையுமாக நின்றான் நம்பிராசன்.

அவன் கண் தம்பியைப் பார்த்தது. பிறகு தாழ்ந்து தன் காலைப் பார்த்தது. மறுபடி தம்பியை, மறுபடி காலை.

“கல்லாப் போன பிறகும் காலைத்தான் காட்டுதியா? திமிர் போகலையே உனக்கு!” என்று பலவேசம் திரும்பி நடந்தான்.

கதவருகில் போனவன் என்னவோ ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பளிங்குக் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அன்றுகூட அழாதவன் அவன்.

பலவேசம் திரும்பி வந்தான். மந்திரவாதி அலறிக்கொண்டு ஓடிவந்தான். “தொடாதே! வெறுங்காலோடு வந்தவன் கை அந்தச் செருப்பில் படக் கூடாது!”

ஓகோ, அதுதான் சங்கதியா! கூடாது என்று யாராவது சொன்னால் பலவேசத்துக்கு அதைச் செய்தே ஆகவேண்டும். ஆனால் பழைய சத்தியம் தொண்டையில் மீன் முள்ளாகக் குறுக்கே நின்றது. அதை விழுங்கினான். அண்ணன் காலடியில் மண்டி போட்டான்.

ஒருமுறை இழுத்தான், அசையவில்லை. இருமுறை இழுத்தான், விரிசல் விட்டது. மூன்றாம்முறை இழுத்தான், செருப்பு இரண்டும் கழன்று பறந்தன! கல் சதையாகி, அண்ணன் வாய் திறந்தது.

“ஏலே பலவேசம், கடைசியில என் கால்ல விழுந்துட்டியே!”

“விழலை. செருப்பைக் கழத்தினேன்.”

“முட்டி தரையில இருக்கே!”

“வாயை மூடுதியா, திரும்ப மாட்டி விடவா?”

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கமாகப் பாய்ந்து எல்லார் செருப்பையும் கழற்றி எறிந்தார்கள். மந்திரவாதி பின்வாங்கினான். பின்வாங்கியவன் செருப்புக் குவியலில் கால் வைத்தான். கால் கிடைக்காமல் தவித்த செருப்புகள் விடுமா? கப்பென்று கவ்விக்கொண்டன. வாயைப் பிளந்தபடி அவன் பளிங்காகிப் போனான்.

பட்டணத்து மணிகளெல்லாம் முழங்கின. உறைந்த ஆற்றின்மேல் ஜனங்கள் ஆடினார்கள். “என்ன பரிசு வேண்டும்?” என்று கேட்டார்கள்.

“இனிமே இந்த வாசல்ல யாருக்கும் செருப்பு கொடுக்காதீங்க. அது போதும்.”

போதும் என்றால் விடுவார்களா? தங்கத் தட்டுகளை வாரிக் கப்பலில் ஏற்றினார்கள்.

ஊர் வந்ததும் பெரிய விருந்து. தங்கத் தட்டை ஒதுக்கிவிட்டு வாழை இலை போட்டார்கள். நம்பிராசனே அப்பளக் கூடையைத் தூக்கிக்கொண்டு தம்பி முன்னால் வந்து நின்றான். ஒன்று வைத்தான். இன்னொன்று வைத்தான். இலை மறைகிறவரை வைத்தான். பலவேசம் போதும் என்று சொல்லவே இல்லை.

அண்ணன் வைக்க, தம்பி நொறுக்க, அந்தச் சத்தம் கடலைத் தாண்டி, மலையைத் தாண்டி, பனியைத் தாண்டிப் போய், கல்லாய் நிற்கிறவன் காதிலும் விழுந்ததாம்.