கயிற்றின் கடைசி

தந்தி ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் ஊரார் சேதியை எழுத்துப் பிசகாமல் அனுப்பிவிட்டு ஓய்வு பெற்றவர் தாணுமூர்த்தி. சும்மா இருக்கிற ஆளா அவர்? அறுபத்தாறு வயதில் மொழிபெயர்ப்பு கற்றுக்கொள்ளக் கிளம்பிவிட்டார். நாகர்கோவில் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த பியூலாதான் குரு. அவரைவிட இருபது வயது இளையவள். அதனால் என்ன? அவள் அறைக்குள் நுழையும்முன் செருப்பைக் கழற்றிவிடுவார்.

ஆங்கில மரபுத்தொடர் என்றால் மனுஷனுக்கு உயிர். எந்தத் தொடர் எங்கே பிறந்தது, கப்பலிலா, குதிரை லாயத்திலா என்று துருவித் துருவி நோட்டில் எழுதிவைப்பார். மகள் பகவதி ஆறாம் வகுப்பு படித்தபோது ஆரம்பித்த விளையாட்டு அது. ஞாயிறுதோறும் அவள் ஒரு தொடர் சொல்வாள். அவர் அதன் பிறப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். கல்யாணமாகி அவள் இங்கிலாந்து போன பிறகும் விளையாட்டு நிற்கவில்லை. வாட்ஸ்அப்புக்கு மாறியது, அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார்.

“டீச்சர், நேத்து பிள்ள என்னைய நல்லா மாட்டிவிட்டுட்டா. ‘கயிற்றின் கடைசி’ன்னு ஒரு தொடர். மேய்ச்சலுக்குக் கட்டின மாட்டுலருந்து வந்ததாம். எந்தக் காலத்துல ஆரம்பிச்சதுன்னுதான் பிடிபடல.”

பியூலா பேனாவை மூடிவைத்தாள்.

“அந்த மாட்டைச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“முளையில கட்டியிருக்கும். கயிறு எட்டுற மட்டும் மேஞ்சு தீர்த்திருக்கும். அதுக்கு மேல ஒரு அடி நகர முடியாது.”

“அப்புறம் என்ன செய்யும்?”

“என்ன செய்யும், கத்தும்.” சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. “போன வாரம் என்ன கேட்டா?”

நோட்டைப் புரட்டினார். “முட்டை ஓட்டு மேல நடக்கிறது. முன்கோபக்காரன்கூட இருக்கிறவங்க, எப்போ எரிஞ்சு விழுவானோன்னு பயந்து பயந்து நடப்பாங்கல்லா, அது. பிறப்பு சரியா தெரியல.”

“அதுக்கு முந்தி?”

“தலையைத் தண்ணிக்கு மேல வச்சுக்கிறது. மூழ்காம எப்படியோ சமாளிக்கிறதுன்னு அர்த்தம். இது லேசு. ரெண்டே நிமிஷத்துல பதில் போட்டேன்.”

“பழசுலருந்து ஆரம்பிச்சு மூணையும் சேர்த்து வாசிங்க. பிறப்பு வேண்டாம், அர்த்தம் மட்டும் போதும்.”

இதென்ன பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்கிற பயிற்சி என்று நினைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“மூழ்காம எப்படியோ சமாளிக்கிறது. பயந்து பயந்து நடக்கிறது. இதுக்கு மேல தாங்க…”

மூன்றாவதை முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அதே பக்கத்தைப் பார்த்தார்.

“அந்த வீட்டுல யார் யாரு இருக்காங்க?”

“அவளும் மாப்பிள்ளையும்தான்.”

“வீடியோவுல பேசுவீங்கல்லா?”

“பேசுவோம். மாப்பிள்ளையும் பக்கத்துலயே உக்காந்திருப்பார். நல்லாருக்கேன்னு சொல்லுவா.”

“நேத்து என்ன பதில் போட்டீங்க?”

நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“கேள்வி பிரமாதம், ஒரு வாரம் டைம் குடுன்னு போட்டேன்.”

பியூலா மேஜைமேல் கிடந்த அவருடைய போனை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். நோட்டைத் தன் பக்கம் இழுத்து மூடினாள்.

“இப்போ அங்க என்ன மணி இருக்கும்?”

“காலையில ஒம்பதரை. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருப்பார்.”

போனைக் கையில் எடுத்தார். மகள் பெயர்மேல் போய் விரல் நின்றுவிட்டது. எத்தனையோ பேர் வீட்டுச் சாவுச் செய்தியைத் தயங்காமல் அடித்த விரல்.

“என்னன்னு கேப்பேன் டீச்சர்? வாயில ஒரு வார்த்தை வரமாட்டேங்குதே.”

“சாப்பிட்டியான்னு கேளுங்க அண்ணாச்சி. கேட்டுட்டு, நீங்க பேசாம இருங்க.”