திருடனின் கல்யாணம்

ஆற்றங்கரை மடத்துக்குத் தலைவியாக இருந்தவர் நங்கையம்மை. வயது முப்பதைத் தாண்டியிருக்காது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த பூவணர் ஐம்பதைக் கடந்தவர். அரசவையில் பழைய நூல்களுக்கு உரை சொல்லிக்கொண்டிருந்தவர். சாவதற்குள் சொந்தமாக ஒரு நூலாவது எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அதற்காகவே படித்தார். மடத்துச் சுவடிகளை வரிசையாக எடுத்துப் படித்தார். சாப்பிடும்போதும் படித்தார். எழுத உட்கார்ந்தால் மட்டும் எதுவும் வரவில்லை. அப்படியே ஒரு வரி வந்தாலும் அது வேறு யாரோ எழுதியதாக இருந்தது.

தூக்கம் போயிற்று. நெற்றிப்பொட்டில் ஓயாத வலி. ஏட்டைப் பிரித்தாலே நெஞ்சு படபடத்தது.

மடத்து வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். "இனி ஏட்டைத் தொடாதீர். தொட்டால் என்னைக் கூப்பிடாதீர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பூவணர் நங்கையம்மையிடம் வந்தார்.

"படிப்பை நிறுத்தச் சொல்கிறார், அம்மா. நிறுத்தினால் நான் எப்படி எழுதுவேன்?"

"அவர் சொல்வதைக் கேளுங்கள்."

"நிறுத்திவிடவா?"

"நிறுத்திவிடுங்கள்."

பூவணருக்குக் கண் கலங்கிவிட்டது. நங்கையம்மை உள்ளே போய் மெலிந்த சுவடி ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"இதுவும் ஏடுதானே?"

"ஏடுதான். ஆனால் படிப்பு இல்லை. ஒரு திருட்டுப் பயலின் கதை."

மறுநாள் காலையிலேயே பூவணர் திரும்பி வந்தார்.

"பாதியிலேயே விளங்கிவிட்டது, அம்மா. ஆற்றில் குளிக்கும் ஒருவனுடைய பட்டுத்துணியைத் திருடன் எடுத்து உடுத்திக்கொள்கிறான். அது மாப்பிள்ளையின் பட்டு. பெண் வீட்டார் திருடனையே மாப்பிள்ளை என்று நினைத்து மேளதாளத்தோடு அழைத்துப் போகிறார்கள். திருடன் என்பது மனம். பட்டு, உடம்பு. மணப்பெண், முக்தி."

"முதல் பந்தியில் திருடனுக்கு என்ன பரிமாறினார்கள்?"

"கவனிக்கவில்லை."

"நிஜ மாப்பிள்ளை என்ன ஆனான்?"

பூவணர் யோசித்தார். "அவனைப் பற்றி வருகிறதா?"

"கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறான். கரையில் பெண்கள் துணி துவைக்க வந்துவிட்டார்கள். அவனால் எழுந்திருக்க முடியவில்லை."

நங்கையம்மை சொல்லும்போதே சிரித்துவிட்டார். பூவணர் சிரிக்கவில்லை.

"இதில் எதை நான் மனத்தில் இருத்த வேண்டும்?"

"எதையும் வேண்டாம். நான் இனிமேல் கேட்கவும் மாட்டேன்."

அதன்பின் சில நாட்கள் பூவணர் வரவில்லை. வைத்தியர்தான் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அந்த மனிதரைக் கொஞ்சம் கண்டியுங்கள். தியான நேரத்தில் சமையல்கட்டிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்று கஞ்சியை அடிப்பிடிக்க விட்டுவிட்டார். போய்ப் பார்த்தால் ஏடு நெஞ்சில் கிடக்கிறது, பட்டப்பகலில் குறட்டை."

"நாடி எப்படி இருக்கிறது?"

வைத்தியர் சற்றுத் தயங்கினார்.

"அது நன்றாகத்தான் இருக்கிறது."

அவர் வாசலைத் தாண்டும் முன் பூவணர் அவரை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கையில் சுவடி. கையெல்லாம் அடுப்புக்கரி.

"கடைசி ஏடுகள் எங்கே, அம்மா?"

"செல் அரித்துவிட்டது."

"மாப்பிள்ளை வாழை இலையைச் சுற்றிக்கொண்டு பந்தல் வாசலுக்கு வந்துவிட்டான். தாலி திருடன் கையில் இருக்கிறது. அதோடு நின்றுவிட்டதே!"

"ஆமாம்."

"வேறு பிரதி?"

"எங்கும் கிடையாது. தேடிவிட்டேன்."

"நீங்கள் எப்படித் தாங்கிக்கொண்டீர்கள்?"

"காய்ச்சலில் படுத்திருந்தபோது படித்தேன். காய்ச்சல் விட்டுவிட்டது. இது விடவில்லை."

பூவணர் உட்காரவில்லை. சுவருக்கும் தூணுக்கும் இடையே நடந்தார்.

"கட்டியிருக்க மாட்டான்" என்றார்.

"ஏன்?"

"பெண்ணின் அத்தை ஒருத்தி இருக்கிறாளே, பந்தலில் அவனையே முறைத்துக்கொண்டு. அவளுக்குத் தெரியும், அம்மா. அவன் மாப்பிள்ளை இல்லை என்று முதலிலேயே தெரியும்."

"தெரிந்தால் சொல்லியிருப்பாளே."

"எப்படிச் சொல்வாள்? அவளுடைய கல்யாணமே ஒரு நாள் பந்தலில் நின்றுபோனதுதான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று கலைந்து போனவர்கள்தான் இன்றும் அதே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பெண்ணுக்கும் அப்படி ஆகட்டும் என்று அவள் வாயால் எப்படி... அதனால் அவள் மெதுவாக எழுந்து, திருடன் பக்கத்தில் போய், அவன் காதில்..."

சட்டென்று நின்றார். கையிலிருந்த சுவடியைப் பார்த்தார்.

"இது ஏட்டில் இல்லை."

"இல்லை."

"நான் வேறெங்கும் படித்ததும் இல்லை."

வெளியே பாடத்துக்கு மணி அடித்தது. சீடர்கள் வந்து கூடும் சத்தம் கேட்டது. நங்கையம்மை எழுந்திருக்கவில்லை. பாயில் இன்னும் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.