நாற்பத்தெட்டு நாள் குளித்த துப்பாக்கி

மல்லையூர் ராஜா சேதுரங்கருக்குப் புதுத் துப்பாக்கி வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றிலிருந்து அவர் குறிவைத்த எந்தப் பூசணிக்காய்க்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. குறி பூசணிக்காய்க்கு, குண்டு போய் விழுவது குதிரை லாயத்து ஓட்டில்.

முதல் நாளே ஆயுதசாலை அதிகாரி நாகையா முன்னால் வந்து நின்றான்.

"புதுக் குழல், மகாராஜா. பழக்காமல் சுட்டால் இப்படித்தான். ஒரு வெடி, ஒரு குளியல். ஒரு மண்டலம் செய்தால் சொன்ன பேச்சுக் கேட்கும்."

துப்பாக்கியைச் செய்த கண்டியப்ப ஆசாரி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "குழலை உள்ளே வழவழன்னு கடைஞ்சுதான் கொடுத்திருக்கேன், மகாராஜா. சுட்டு முடிச்சதும் சாயங்காலம் ஒரு தரம் துடைச்சு எண்ணெய் போட்டாப் போதும்."

யார் கேட்டார்கள்? அப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது. ராஜா ஒரு தரம் சுடுவார். உடனே நாகையா துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஓடுவான். வெந்நீர் ஊற்றுவான், துணி விட்டுத் தேய்ப்பான், நல்லெண்ணெய் விடுவான், சாம்பிராணிகூடப் போடுவான். அரண்மனைக் குழந்தைகளுக்குக்கூட அப்படி ஒரு குளியல் நடந்ததில்லை. நாற்பத்தொன்பதாம் நாள் காலை ராஜா சுட்டார். லாயத்தில் இன்னொரு ஓடு போயிற்று.

"குழலே கோணல்" என்று நாகையா கையை விரித்தான்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "பொழுது சாயறதுக்குள்ள ஆசாரி குடும்பத்தோட நாட்டை விட்டுப் போகணும்." ஆசாரியின் மகள் நிறைமாதக் கர்ப்பிணி. பாவம், மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ராஜாவுக்கு யோசனை சொல்லும் வேலையில் இருந்தவர் திருமேனி. வாய் கொஞ்சம் நீளம், மூளை அதைவிட நீளம். அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா சுடும்போது எல்லோரும் அவருக்குப் பின்னால் தலைகுனிந்து நிற்கவேண்டும். அதனால் சுடுகிற ராஜாவின் முகத்தை யாருமே பார்த்ததில்லை. திருமேனி அன்று காலை லாயத்துப் பக்கமாக வந்தவர், குண்டுக்குப் பயந்து சுவருக்குப் பின்னால் பதுங்கி எட்டிப் பார்த்தார். விசையைத் தொடும்போதே ராஜா இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொள்கிறார். சரிதான், இதை ராஜாவிடம் யார் போய்ச் சொல்வது?

"மகாராஜா, பழக்குவதில் ஒரு முறை பாக்கி இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் அந்தக் குளியல் வேலையை எனக்குக் கொடுங்க. சரிவரலைன்னா ஆசாரியோட நானும் கிளம்பிடறேன்" என்றார் திருமேனி.

ராஜா சம்மதித்தார். மைதானத்தில் ஒரு திரை கட்டினார்கள். துப்பாக்கியோடு உள்ளே போன திருமேனி, சற்று நேரத்தில் கொண்டுவந்து நீட்டினார். ராஜா குறிவைத்து விசையை இழுத்தார்.

டக்.

ராஜா இரண்டடி பின்னால் குதித்தார். தலைப்பாகை காதில் இறங்கியது. கண்ணை மூடியபடியே, "பட்டதா?" என்றார். கண்ணைத் திறந்தார். புகையே இல்லை.

"என்னய்யா, வெடிக்கலையே?"

"மருந்து போட மறந்துட்டேன், மகாராஜா. மன்னிக்கணும்."

இரண்டாவது தடவையும் மறந்தார். ராஜா மறுபடி குதித்தார். மூன்றாவது தடவையும் அதே கதை. ராஜா துப்பாக்கியைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"வெடிக்கவே இல்லை. அப்புறம் நான் ஏன்யா குதிச்சேன்?"

திருமேனி கைகட்டி நின்றார். "துப்பாக்கிக்கும் அதே சந்தேகம்தான் போல, மகாராஜா."

ராஜா முறைத்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "கொண்டாய்யா" என்றார். பிடிவாதம் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் திருமேனி துப்பாக்கியோடு திரைக்குள் போய் வந்தார். இப்போது உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியாது. சில தடவை டக். சில தடவை டமார். குதிப்பது குறைந்தது. கண் ஒரு கீற்றுத் திறந்தது, அப்புறம் பாதி, அப்புறம் முழுசு. இருபதாவது தடவை டமார் என்றது. பூசணிக்காய் நாலா பக்கமும் சிதறியது.

ராஜா ஓடிப்போய் ஆசாரியைக் கட்டிக்கொண்டார். "எங்கேயும் போகாதேய்யா. உன் பேரப்பிள்ளைக்குத் தொட்டில் அரண்மனையிலேர்ந்து வரும்." ஆசாரி சிரித்துக்கொண்டே அழுதார்.

நாகையா சும்மா இருப்பானா? "பார்த்தீர்களா மகாராஜா, குளியல்தான் காரணம். திருமேனி உள்ளே போய் எப்படித் தேய்த்திருந்தால் இப்படிச் சுடும்!"

"அதானே, அப்படி என்னதான்யா பண்ணினே?" என்று ராஜா போய்த் திரையை விலக்கினார். உள்ளே வெந்நீர் இல்லை, துணி இல்லை. ஒரு தட்டு இருந்தது. அதில் ஒரே ஒரு முறுக்கு.

"நான் தேய்க்கவே இல்லை, மகாராஜா" என்றார் திருமேனி. "குழலில் கரி அப்படியே இருக்கு, சாயங்காலம் ஆசாரி துடைப்பார். உள்ளே போகும்போதெல்லாம் ஒவ்வொரு முறுக்காத் தின்னேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டார். பிறகு தட்டைக் காட்டினார்.

"அந்த ஒண்ணை நாகையாவுக்குக் கொடு. நாற்பத்தெட்டு நாள் தேய்ச்சிருக்கான், பசிக்கும்."