ஒப்புக்குச் சப்பாணி

ஞானசிகாமணி ஐம்பது வயதுக்கு மேல் சீடரானவர். நல்லவர். தேவைக்கு ஒரு படி அதிகமாகவே நல்லவர்.

மடத்துப் பள்ளியில் அகதி முகாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. எல்லோரும் ஒருவழியாகத் தேறிவிட்டார்கள், நிரோஜினி என்ற ஒன்பது வயதுச் சிறுமியைத் தவிர. படகிலிருந்து இறங்கி மூன்று மாதமாகிறது, அவள் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் கூட்டிப்போக வரும் அவள் தாய் தினமும் ஒன்றையேதான் கேட்பாள்.

"இண்டைக்காவது கதைச்சாளோ ஐயா?"

இல்லை என்று சொல்லிச் சொல்லி ஞானசிகாமணிக்கு நெஞ்சு கனத்துப்போனது. ஒருநாள் தன் குருவான அடிகளிடம் போய் நின்றார்.

"சாமி, நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன். அவளை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாதுன்னு பிள்ளைங்களைக் கண்டிச்சு வச்சிருக்கேன். சுண்டல்கூட அவளுக்குத்தான் முதல்ல. அப்படியும் பேச மாட்டேங்கிறா."

"விளையாட்டுல சேத்துக்கிறாங்களா?"

"சேத்துக்கிறாங்க. நாந்தான் சொல்லி வச்சேன், ஒப்புக்குச் சப்பாணியா."

அடிகள் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வாங்க, பாப்போம்."

பள்ளி முற்றத்தில் பாண்டி ஆட்டம். நிரோஜினி நொண்டியடித்துப் போனாள். கோட்டை மிதித்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் மிதித்தாள். அடுத்து ஆட நின்ற உள்ளூர்ப் பிள்ளை முனீஸ்வரி கொட்டாவி விட்டாள். ஒப்புக்குச் சப்பாணிக்கு அவுட்டும் கிடையாது, ஜெயிப்பும் கிடையாது.

"அவுட்!" என்றார் அடிகள்.

ஆட்டம் நின்றது. ஞானசிகாமணி குறுக்கே வந்தார்.

"சாமி, பாவம் அந்தப் பிள்ளை..."

"கோட்டை மிதிச்சா அவுட்டுதானே? முனீஸ்வரி, நீ ஆடு."

நிரோஜினியின் முகம் சிவந்தது. அழப்போகிறாள் என்றுதான் ஞானசிகாமணி நினைத்தார். அவள் ஓரமாகப் போய் நின்றாள். கண் மட்டும் முனீஸ்வரியின் காலை விட்டு அகலவில்லை.

நாலாவது கட்டத்தில் முனீஸ்வரியின் குதிகால் கோட்டில் பட்டது.

"அவுட்!"

எல்லோரும் திரும்பினார்கள். கத்தியவள் நிரோஜினி.

"நான் மிதிக்கல!" என்றாள் முனீஸ்வரி.

"மிதிச்சனி! நான் கண்டனான்! அளாப்பாத!"

"யாருடி அழுகுணி ஆட்டம் ஆடுறா? நீயா, நானா?"

"நீதான்!"

முனீஸ்வரி அவள் சடையைப் பிடித்தாள். நிரோஜினி மண்ணை அள்ளி வீசினாள். மற்ற பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். பாதிப் பேர் நிரோஜினி பக்கம்.

வாசலில் வந்து நின்ற தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவளின்ர குரல்தான் ஐயா," என்று அழுதாள், சிரித்தாள். "அவளின்ர குரல்தான்."

ஞானசிகாமணிக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் விடுமா? வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சாமி, அடிச்சுக்கிறாங்களே. நான் போய் ரெண்டு வார்த்தை சொல்லி விலக்கிவிட்டு வரட்டுமா?"

"உக்காருங்க சிகாமணி," என்றார் அடிகள். "ஆட்டத்துல இல்லாதவங்களுக்குப் பேச்சு ஏது?"